பணிக்கொடைப் பணத்தை சோலார் ஆலைகள் வைத்திருக்கும் இன்விட்டில் போடலாமா?

வேலூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றும், வங்கி 7 சதவீதம் தரும்போது இன்விட் 10க்கு மேல் தருகிறதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்விட் என்பது பலரிடம் பணம் திரட்டி, ஆலை, மின்பாதை போன்றவற்றை வைத்திருந்து, அதில் வரும் வருமானத்தைப் பிரித்துத் தரும் டிரஸ்ட். ஐயா, கொஞ்சம் போடலாம். ஆனால் அந்தப் பத்தை வட்டி என்று நினைத்துப் போடாதீர்கள்.

காட்பாடியில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்விட்டின் யூனிட், அதாவது பங்கு போன்ற கூறு, வைத்திருப்பவர்கள் கொண்டு வரும் அறிக்கையில் வந்த பணம் வட்டி, டிவிடெண்ட், முதல் திரும்பல் என்று பிரிந்திருக்கும். அந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அது நீங்கள் போட்ட பணமேதான். பெரும்பாலும் உடனே வரி கிடையாது. ஆனால் வாங்கிய விலையில் கழிந்துகொண்டே வரும், விற்கும்போது லாபம் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். வட்டிப் பகுதிக்கு உங்கள் வரி விகிதப்படி வரி, 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்துத்தான் கைக்கு வரும்.

ஏன் முதலைத் திருப்பித் தருகிறார்கள்? பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2014 விதிப்படி, பிரித்துக் கொடுக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதமாவது யூனிட்தாரர்களுக்குப் போக வேண்டும். ஆலையோ வருடத்துக்கு வருடம் தேய்கிறது, அதனால் வரும் பணத்தில் ஒரு பகுதி அந்தத் தேய்ந்த முதல்தான். குடியாத்தம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் காய் விற்ற பணம் முழுவதையும் லாபம் என்று எண்ண முடியுமா? குத்தகை முடிந்தால் தோப்பு அவருடையது இல்லையே.

நம்ம ஊர் வெயில் குறையப் போவதில்லை, அது சரி. மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருடம்தான். தமிழ்நாட்டில் 2014இல் சோலார் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் நிர்ணயித்தார்கள். 2017இல் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் 2.44க்கு இறங்கிவிட்டது. பழைய நல்ல விலை ஒப்பந்தம் முடிந்தபின் அதே விலைக்கு யார் வாங்குவார்கள்? அதனால் டிரஸ்ட் புது ஆலைகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 2017இல் பங்குச் சந்தையில் பட்டியலான இண்டிகிரிட் என்ற இன்விட் மின்கடத்தல் பாதைகளோடு தொடங்கி, பிறகு சோலாருக்கு வந்து, 2023இல் சோலார் ஆலைகள் வைத்திருந்த விரெசென்ட் டிரஸ்டையும் வாங்கியது. இப்படி வாங்கக் கடன் எடுப்பார்கள், புது யூனிட் வெளியிடுவார்கள். அவர்களுடைய கணக்கில் நான் முதலில் பார்ப்பது கடனைத்தான்.

அப்புறம், மின்சாரம் வாங்குவது யார் என்று பாருங்கள். மாநில மின் விநியோக நிறுவனங்கள் பணம் தராமல் இழுத்தடித்ததால்தான் 2022இல் மத்திய அரசு தாமதக் கட்டண விதியே கொண்டு வந்தது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் அஞ்சலகம் போவேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது, ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், முதல் அப்படியே இருக்கும். மருத்துவச் செலவுக்கான பணத்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சிறு பகுதிக்கு யூனிட் வாங்குங்கள். 2021இலிருந்து ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.