முட்டும் ஓங்காளமும்: எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது?

வன்னியிலுள்ள வைத்தியசாலை ஒன்றில் பயிற்சி பெறும் தாதி ஒருவரின் கேள்வி: "இரவுக் கடமையில் ஒருவர் முட்டென்று (மூச்சுத் திணறல்) கூப்பிடுகிறார், அதே நேரத்தில் இன்னொருவர் ஓங்காளிக்கிறார். யாரை முதலில் பார்ப்பது? ஒருவருக்கே இரண்டும் இருந்தால்?"

முட்டுக்காரரைத்தான். ஆனால் சத்தி எடுப்பவர் அரை மயக்கத்தில் மல்லாந்து கிடந்தால் வரிசை மாறும். விழுங்கவோ இருமவோ தெம்பில்லாதவரின் சத்தி நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அவரை இடப்பக்கம் சரித்து, வாயைத் துடைத்துவிட்டு, துணைக்கு ஆளைக் கூப்பிட்டபடி மற்றக் கட்டிலுக்குப் போங்கள்.

முட்டு எவ்வளவு கடுமை என்பதைப் பேச்சே காட்டும். ஒரு முழு வசனம் சொல்ல முடிகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிற்கிறாரா? மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால்தான் அவர் இயல்பாக மூச்சுவிடுவார். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை வழமை. 25 அல்லது அதற்கு மேல், 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் உடனே வைத்தியரை அழையுங்கள். வேகமாக இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென அமைதியானால் சுகம் வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம்; அநேகமாக அவர் களைத்துப்போய்விட்டார்.

ஒருவருக்கே இரண்டும் இருந்தால் முதல் வேலை நிமிர்த்தி உட்கார வைப்பது. நெஞ்சும் விரியும், சத்தியும் முன்பக்கம் விழும். அடுத்தது ஒட்சிசன். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் காட்டும் குருதி ஒட்சிசன் அளவு பொதுவாக 94–98 வீதம் இருந்தால் போதும். நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாளருக்கு 88–92. மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 4 லீற்றர் கொடுக்கலாம். சாதாரண மாஸ்க்குக்கு 5 லீற்றருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை உள்ள மாஸ்க் என்றால் 10–15 லீற்றர், பை நிரம்பிய பிறகே முகத்தில் வையுங்கள்.

பலர் தவறுவது இந்த மாஸ்க்கில்தான். ஓங்காளிக்கும் ஒருவரின் முகத்தில் அதை இறுக்கிக் கட்டிவிட்டு நகர்ந்தால், சத்தி மாஸ்க்குக்குள் தேங்கி மூச்சோடு உள்ளே போகும். ஒட்சிசன் அளவு இடங்கொடுத்தால் மூக்குக் குழாய்க்கு மாற்றுங்கள். மாஸ்க்கேதான் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். சக்‌ஷன் (வாயிலுள்ளதை உறிஞ்சி எடுக்கும் கருவி) இயங்குகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அதன் குழாயை வாயிலிருந்து வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள், 10–15 செக்கனுக்கு மேல் வேண்டாம்.

சத்தி நிறுத்தும் மருந்து இதற்குப் பிறகுதான், அதுவும் வைத்தியர் சொன்ன பிறகு. மெட்டோகுளோபிரமைட் 10 மில்லிகிராமை நாளத்தில் குறைந்தது 3 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் நோயாளர் இருப்புக்கொள்ளாமல் தவிப்பார். புரோமெதசின் தூக்கத்தைக் கொடுக்கும், முட்டுக்காரருக்கு அது நல்லதல்ல. வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம்.

இரண்டும் சேர்ந்து வருவதே காரணத்துக்கு ஒரு துப்பு. வன்னியில் முதலில் நினைக்க வேண்டியது எட்டடி விரியன் பாம்பின் கடி. அது தரையில் படுத்தவரை இரவில் கடிக்கும். வலி தெரியாது, பல் அடையாளமும் அநேகமாக இராது. வயிற்று வலி, சத்தி என்று வருபவருக்குக் காஸ்ட்ரிக் மருந்து கொடுத்துப் படுக்க வைத்தால், சில மணிநேரத்தில் இமை தொங்கி, குரல் மாறி, மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். ஒக்சிமீற்றர் கடைசி நேரம்வரை நல்ல அளவையே காட்டக்கூடும். ஆகவே ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார், தலையணையிலிருந்து தலையைத் தூக்குகிறாரா என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் காத்திருக்க நேரமில்லை. விச எதிர்ப்பு மருந்து ஏறும்போது முட்டும் சத்தியும் வந்தால் அது ஒவ்வாமை: ஏற்றுவதை நிறுத்தி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம்.

வாயில் நுரை, வியர்வை, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி என்றால் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. கையுறை போட்டு உடுப்பைக் கழற்றுங்கள், சக்‌ஷனைத் தயாராக வையுங்கள், முறிமருந்தான அற்றோபின் கையில் இருக்கட்டும். சீனி வருத்தக்காரர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிட்டுச் சத்தி எடுத்தால் குருதிச் சீனியையும் கீற்றோனையும் (இன்சுலின் போதாதபோது குருதியில் சேரும் அமிலப் பொருள்) பாருங்கள். அவருக்கோ வயதானவருக்கோ நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு இப்படி வரலாம். ஈசிஜியை 10 நிமிடத்துக்குள் எடுங்கள். சிறுநீரக வருத்தக்காரர் என்றால் கால் வீக்கத்தையும் சிறுநீரின் அளவையும் பார்க்காமல் சேலைனைத் திறந்துவிட வேண்டாம்.

சத்தியோடு காத்திருக்கும் மற்றவரிடம் கால் மணித்தியாலத்துக்குள் திரும்பிப் போங்கள். கிண்ணத்தைக் கொட்டுவதற்கு முன் உள்ளே பாருங்கள்: பச்சை நிறமா, கோப்பித்தூள்போல் கறுப்பா, இரத்தமா. கறுப்போ இரத்தமோ என்றால் நாடியையும் பிரஷரையும் எடுத்துக்கொண்டு வைத்தியரை அழையுங்கள்.