டாக்டர் அம்மா பதில்கள்: மெலிந்த உடம்பில் எப்படி இவ்வளவு கொழுப்பு?

கேள்வி: எனக்கு 25 வயது. உயரத்துக்கேற்ற எடைதான். வேலைக்காக எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 8.1, கெட்ட கொலஸ்ட்ரால் எனும் எல்டிஎல் 6.2 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) என்று வந்தது. பயந்துபோய் புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருந்தேன். கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. மறுபடி எடுத்தால் எல்டிஎல் 5.7. நான் வெளியே எதையோ ஒளித்துத் தின்கிறேன் என்று அம்மா சந்தேகப்படுகிறார். தம்பி வாரம் தவறாமல் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) சாப்பிடுகிறான், அவனுக்கு 2.6தான். அப்பா 44 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வயதிலேயே மாத்திரையா? அடுத்த ஆண்டு அத்தை மகனோடு எனக்குக் கல்யாணம் வேறு.
*வாசகி, மெர்பாங்க், டர்பன்*

பதில்: முதலில் உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் பெண் ஒளித்துத் தின்னவில்லை. சாப்பாட்டை நன்றாகக் கட்டுப்படுத்தினால் எல்டிஎல் பத்து சதவீதம் போலக் குறையும், அவ்வளவுதான். 6.2 என்பது 5.7 ஆனது அந்தக் கணக்குக்குள் சரியாக அடங்குகிறது. அவள் விரதத்தை ஒழுங்காக இருந்ததற்கு அந்தத் தாளே சாட்சி.

மகளே, உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அப்பாவின் வயது. எல்டிஎல் 4.9க்கு மேல், நெருங்கிய உறவில் 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு. இந்த இரண்டும் சேர்ந்தால் சமையலறையை விட்டுவிட்டுக் குடும்ப நோய் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலின் மேல் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பியைச் செய்யும் மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தால் ஏற்பிகள் பாதிதான் வேலை செய்யும், எல்டிஎல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்பாவிடம் அந்தப் பழுது இருந்தால் அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. உனக்கு வந்திருக்கிறது, தம்பிக்கு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பன்னி சாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

குடும்ப வழிக் கொலஸ்ட்ரால் என்று இதைச் சொல்வோம். உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. நம் தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் டச்சு வம்சாவளி வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களிடம் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கேப் பகுதிக்கு வந்த சில குடும்பங்கள் கொண்டுவந்த பழுது, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் பெருகியது. இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்கு இப்போதே புரிந்திருக்கும்.

உறுதி செய்வதற்கு முன் தைராய்டு, சிறுநீரில் புரதம், கல்லீரல் மூன்றையும் ஒரு தடவை பார்க்கச் சொல். தைராய்டு மந்தமாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும். அப்புறம், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பார். என் அறைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் செய்வேன். சாதாரணமாக அது கயிறுபோல ஒரே சீராக இருக்கும். இந்தக் குடும்பங்களில் சிலருக்கு அது பருத்து, உள்ளே கொழுப்புப் படிந்து, முடிச்சு முடிச்சாக விரலுக்குத் தட்டுப்படும். ஷூ கடிக்கிறது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் விழுவதும் ஓர் அடையாளம். உன் வயதில் இவை இல்லாமலும் இருக்கலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இந்த வயதிலேயே மாத்திரையா என்று கேட்கிறாய். உன் ரத்தக்குழாய்கள் 25 வருடமாக இந்த அளவு எல்டிஎல்லில் ஊறிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு அளவு என்பது மட்டும் அல்ல, எத்தனை வருடம் என்பதும் கணக்கில் சேரும். இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டம் உண்டு. பிசிஎஸ்கே9 என்ற மரபணு சரியாக வேலை செய்யாமல் பிறந்தவர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அப்படிப் பிறந்தவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதயக்குழாய் நோய் 88 சதவீதம் குறைவு. பிறந்ததிலிருந்தே குறைவாக இருந்ததன் பலன் அது. அதனால் உனக்கு ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை வேண்டும், இப்போதே வேண்டும். எல்டிஎல் பாதிக்கு மேல் இறங்க வேண்டும். ஒரு மாத்திரையில் இறங்கவில்லை என்றால் எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்ப்பார்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) இருந்தால், ரத்தக் கொழுப்பு நோய் அவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, விடாதே. இல்லையென்றால் அரசு மருத்துவமனையிலும் ஸ்டாட்டின் கிடைக்கும்.

இனிக் கல்யாணம். அத்தை என்றால் உன் அப்பாவோடு பிறந்தவர். அப்பாவுக்கு வந்த பழுது அத்தைக்கும் வந்திருக்கலாம், அத்தையிடமிருந்து மகனுக்கும் வந்திருக்கலாம். இருவருக்கும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இரண்டு பழுதான பிரதிகளும் சேர. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சிறு வயதிலேயே எல்டிஎல் பதின்மூன்றைத் தாண்டலாம், பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரலாம். கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவே இல்லை. அவரும் அத்தையும் ஒரு லிப்போகிராம், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, எடுக்கட்டும். ஒரு குழாய் ரத்தம்தானே. மாப்பிள்ளை வீட்டில் எப்படிப் பேசுவது என்று தயங்காதே, அது அவர்கள் உயிரைக் காக்கும் பேச்சு. பரிசோதனையில் அவருக்கு இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாகப் பந்தக்கால் நடுங்கள். இருந்தால் மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள். இன்னொன்று, குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு, ஸ்டாட்டினைப் பொதுவாக அப்போது நிறுத்திவைப்போம்.

நம்மில் பலர் இப்போது கப்பல் பட்டியல்களில், ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்த பூட்டனின் ஒப்பந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்தாரா, பிறகு வந்தாரா என்று. நல்ல வேலைதான். அதே நோட்டில் பெரியப்பா எத்தனை வயதில் இறந்தார், எதனால் இறந்தார் என்பதையும் எழுதிவையுங்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. எல்டிஎல் சரியாக இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 5.2. என் தங்கைக்கும் அப்படித்தான். இதுவும் குடும்ப வழிதானா?
*டொங்காட் தாய்*

பதில்: பங்கு உண்டு, ஆனால் கதை வேறு. அப்போஏ5 என்ற மரபணுவில் டிரைகிளிசரைடை ஏற்றும் ஒரு மாற்றம் இருக்கிறது, இந்திய வம்சாவளியினரிடம் அது ஐரோப்பியரைவிட அதிகம். இங்கே மரபணு கதவைத் திறந்துவைக்கிறது, உள்ளே வருவது பெரும்பாலும் சர்க்கரையும் மதுவும் வயிற்றுச் சதையும்தான். எல்டிஎல் போல இல்லாமல் இது சாப்பாட்டுக்கு நன்றாகவே கட்டுப்படும். குளிர்பானத்தையும் ஜூஸையும் முதலில் நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாளா என்று அவள் டாக்டர் தனியாகக் கேட்கட்டும், ஈஸ்ட்ரோஜன் டிரைகிளிசரைடை ஏற்றும். சர்க்கரை நோயும் இருக்கிறதா பாருங்கள். வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். பத்தைத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அப்போது தாமதிக்கவே கூடாது.

கேள்வி: எச்சிலை அனுப்பினால் மரபணு பார்த்துச் சொல்வார்களாமே. நானும் தங்கையும் செய்துகொள்ளலாமா? எங்கள் இருவருக்கும் எல்டிஎல் 3.6 சொச்சம்.
*வாசகர், பீனிக்ஸ்*

பதில்: வேண்டாம். 2010இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து ரத்தக் கொழுப்பைத் தொடும் 95 மரபணு இடங்களைச் சொன்னார்கள், பிறகு அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. பெரும்பாலானவை தனித்தனியே கொஞ்சம்தான் ஏற்றும், இறக்கும். உங்கள் 3.6 அப்படிப் பல சின்னச் சின்ன மாற்றங்களும் சாப்பாடும் சேர்ந்து வந்ததாக இருக்கலாம். அதற்கு என்ன செய்வது என்பதை எச்சில் சொல்லாது, வயதும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகைப்பழக்கமும்தான் சொல்லும். ஆய்வகத்தில் வேறொன்று கேளுங்கள்: லிப்போபுரோட்டீன் சிறிய ஏ, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகள். அதன் அளவு ஏறக்குறைய முழுக்க மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது, அதனால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். அது அதிகமாக வந்தால் உங்கள் 3.6ஐயே இன்னும் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்வேன். முடிவு வந்ததும் இருவரும் எழுதுங்கள்.