கடைசி அறைக்கு வைஃபை எட்டவில்லையா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கும்பகோணம்): எங்களுடையது நீளவாக்கில் கட்டிய பழைய வீடு. ரூட்டர் வாசலறையில் இருக்கிறது. கொல்லைப்புற அறையில் மகளின் இணைய வகுப்பு அடிக்கடி நின்றுவிடுகிறது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கினால் போதுமா?

பதில்: பணம் செலவழிப்பதற்கு முன் ரூட்டரை இடம் மாற்றிப் பாருங்கள், அம்மா. இணைப்புக் கொடுக்க வருபவர்கள் கேபிள் நுழையும் மூலையிலேயே கருவியைப் பொருத்திவிடுவதால், அலையில் பெரும்பங்கு தெருவுக்கே போய்விடுகிறது. தடித்த செங்கல் சுவர்களைக் கடக்கையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சீக்கிரம் தேய்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்று கூடுதலாக எட்டும், வேகம் குறைவு. ஆண்ட்ராய்டு செல்பேசியில் சிக்னலை அளக்கும் செயலி ஒன்றை நிறுவி அறை அறையாக நடந்து பாருங்கள். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு காட்டினால் காணொளி வகுப்பு தடையின்றி நடக்கும். மைனஸ் 80ஐவிட மோசமானால் இணைப்பு இருப்பதாகத் தெரியுமே தவிர, பாடம் நகராது. எங்கள் வீட்டில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த ரூட்டரை எடுத்துக் கூடத்துப் பரணில் வைத்த அன்றே, சமையலறையில் மைனஸ் 81 என்றிருந்தது மைனஸ் 66 ஆயிற்று. இடம் மாற்றும்போது, ரூட்டருக்கு வரும் ஃபைபர் கேபிளை மட்டும் நீங்களே இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடங்கினால் முறிந்துவிடும்.

அப்படியும் எட்டாவிட்டால் ரிப்பீட்டர் வாங்கலாம். ஆனால் அதைச் சிக்னல் இல்லாத அறையில் வைக்காமல், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கேள்வி (சேலம்): மாடிக்கு மெஷ் (பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு) வாங்குவதா, வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரைப் பயன்படுத்துவதா?

பதில்: சொந்த வீடு என்றால் தயங்காமல் மாடிக்குக் கேபிள் இழுத்து, பழைய ரூட்டரையே அங்கே வைத்துவிடுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் மெஷ் கருவிகளுக்கு இடையிலான அலையையும் தடுக்கவே செய்யும். அலுமினியத்தின் மீது செம்பு பூசிய கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்பினாலான கேட் 6 வகைக் கேபிள் கேளுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். பழைய ரூட்டரில் டி.எச்.சி.பி.யை (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) அணைத்து, முதல் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, இரண்டிலும் லேன் (LAN) என்று குறித்த துளைகளைக் கேபிளால் இணையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றொன்றுக்கு 6 அல்லது 11 எனச் சானலைப் பிரித்துவிட்டால், ஒன்றின் மேல் ஒன்று மோதாது. சுவரைத் துளைக்க இயலாத வாடகை வீட்டுக்கே மெஷ்ஷைப் பரிந்துரைப்பேன்.

கேள்வி (மதுரை): மின்கம்பி வழியாகவே இணையம் கொண்டுபோகும் கருவி பயன்படுமா?

பதில்: இரு அறைகளும் ஒரே ஃபேஸில் இருந்தால் பயன்படும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் அறைகள் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் பலன் நிச்சயமில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளித் தோப்பில் உள்ள மோட்டார் அறைக்கு?

பதில்: அந்தத் தூரத்துக்குச் செம்புக் கேபிள் சரிவராது, திறந்த வெளியில் இடி மின்னல் ஆபத்தும் உண்டு. ஒன்றையொன்று நோக்கி நிற்கும் வெளிப்புற வயர்லெஸ் கருவிகள் இரண்டைப் பொருத்தலாம். நடுவே தென்னை மட்டை குறுக்கிட்டால், ஓலை நனையும் மழை நாளில் இணைப்பு தளர்ந்துவிடும்; பார்வை மறையாத உயரத்துக்குக் கம்பம் நட முடியாதென்றால், குழாய்க்குள் ஃபைபர் புதைத்துவிடுங்கள்.