வாசகர் கேள்வி: புது போன்சாய்க்கு எது முன்பக்கம்?

கேள்வி: ஆகஸ்டில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு ஃபைகஸ் (ஆல், அத்தி இனத்து மரம்) போன்சாய் வாங்கினேன். ஒரு அடி உயரம், தண்டு எஸ் எழுத்து மாதிரி வளைந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு பக்கத்தைக் காட்டி இதுதான் முன்பக்கம் என்றார். வீட்டில் என் மாமியாரோ, பின்னால் திருப்பி வைத்தால்தான் லட்சணமாக இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி? பத்து நாளாக இலைகள் வேறு மஞ்சளாகிக் கொட்டுகின்றன, தொட்டியை மாற்ற வேண்டுமா?
– வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: முதலில் இலை. இடம் மாறினால் ஃபைகஸ் இலை உதிர்க்கும், அது அதன் சுபாவம். நர்சரியில் நாள் முழுக்க வெளிச்சத்தில் இருந்த மரம் உங்கள் வீட்டு பால்கனிக்குப் பழக மூன்று நான்கு வாரம் கேட்கும். சிறு கிளை ஒன்றை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் மரம் நன்றாகத்தான் இருக்கிறது. காலை வெயில் நாலு மணி நேரமாவது படுகிற ஓர் இடத்தில் வைத்துவிட்டு அதை அங்கேயே விடுங்கள். தினமும் இடம் மாற்றாதீர்கள், இப்போது உரமும் வேண்டாம், தொட்டி மாற்றவே வேண்டாம். நான் வாங்கிய முதல் மரத்தை, புதுத் தொட்டி கிடைத்த ஆசையில் அதே வாரம் பிடுங்கி வேரை வெட்டி நட்டேன். ஒரு மாதத்தில் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, முன்பக்கம், அதாவது பார்ப்பவருக்கு மரம் மிக அழகாகத் தெரியும் பக்கம். நம்மில் பெரும்பாலோர் போன்சாயை நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கிறோம், அப்படிப் பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு முக்காலியில் தொட்டியை வைத்து, பின்னால் வெள்ளை வேட்டியோ வெறும் சுவரோ இருக்கும்படி பார்த்துக்கொண்டு, தண்டின் நடுப்பகுதி உங்கள் கண்ணுக்கு நேராக வரும்படி உட்காருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எட்டுத் திசையிலும் மொபைலில் படம் எடுங்கள்.

பார்க்க வேண்டியது கீழேயிருந்து மேலே. அடிமரத்தைச் சுற்றி மண்ணை ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாக விலக்கினால், மேல்மண்ணுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வேர்கள் தெரியும். ஜப்பானியர்கள் இதற்கு நெபாரி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வேர்கள் இருபக்கமும் பரந்து, அடிமரம் மிக அகலமாகத் தெரிகிற பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊர் மந்தையில் நிற்கும் ஆலமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அது நூறு வருஷத்து மரம் என்று நமக்குச் சொல்வது அந்த அடிதானே. ஒரு அடி மரத்துக்கும் வயசு அங்கேயிருந்துதான் வருகிறது.

அப்புறம் தண்டு. வளைவு இடவலமாகத் தெரிய வேண்டும், உங்களை நோக்கி வயிறு தள்ளி நிற்கக் கூடாது. உச்சி மட்டும் உங்கள் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் நல்லது, பின்னால் சாய்ந்தால் மரம் நம்மை விட்டு விலகுவது போல இருக்கும். தண்டின் கீழ்ப்பகுதியில் கண்ணைக் குத்துவது போல நேராக முன்னால் நீளும் கிளை இருக்கக் கூடாது, பின்னால் ஒரு கிளை கட்டாயம் வேண்டும், அதுதான் ஆழம் கொடுக்கும். பெரிய வெட்டுத் தழும்போ ஒட்டுப் போட்ட இடமோ இருந்தால் அது பின்பக்கம் போகட்டும்.

உங்கள் மரத்தில் ஒரு விஷயம் உண்டு. கடைகளில் வரும் எஸ் வளைவு ஃபைகஸ்களில் தண்டைப் பெரும்பாலும் ஒரே தளத்தில்தான் வளைத்திருப்பார்கள், அதனால் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே உருவம். அப்போது முடிவு செய்வது வேரும் உச்சியும்தான். கடைக்காரர் தொட்டியின் நீளப் பக்கத்தை வைத்துச் சொல்லியிருக்கலாம். அது தொட்டியின் முன்பக்கம். மாமியார் மரத்தைப் பார்த்துச் சொல்கிறார், என் ஓட்டு அவருக்கே. அவர் சொன்ன பக்கம் மண்ணில் ஓர் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி வையுங்கள். ஒரு மாதம் கழித்தும் அதே பக்கம் பிடித்திருந்தால், அடுத்த வருஷம் வெயில் ஏறி, புதுத் தளிர் ஓடத் தொடங்கும் நேரத்தில் தொட்டி மாற்றும்போது தேவையான அளவு திருப்பி, கொஞ்சம் சாய்த்தும் நட்டுக்கொள்ளலாம். மரத்தை வாங்கியவர் பார்த்த பக்கமே கடைசி வரை இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு கிளை பட்டுப்போனாலே முன்பக்கம் மாறிவிடும்.

கேள்வி: தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் போதுமா? எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான்.
– வாசகர், அல்சூர்

பதில்: டம்ளர் கணக்கு வேண்டாம். விரல் நுனியை மண்ணில் அரை அங்குலம் நுழைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊற்றுங்கள். இங்கே ஆகஸ்ட் தூறலில் இரண்டு மூன்று நாள் ஊற்றாமலே போகும், மார்ச் ஏப்ரல் வெயிலில் ஒரே நாளில் இரண்டு தடவை கேட்கும். மண்மேல் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் முதல் வேலையாக அதைப் பெயர்த்து எடுங்கள், அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் ஓரத்தில் வழிந்துவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். தட்டில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். காவேரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வையுங்கள், மழை வந்தால் மரத்தை வெளியே நனையவிடுங்கள்.

கேள்வி: டிவி பக்கத்தில் அலமாரியில் ஜூனிப்பர் போன்சாய் வைக்கலாமா?
– வாசகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: கூடாது. ஜூனிப்பர், பைன் மாதிரி ஊசியிலை வகை, வெளியில் வாழும் மரம், வீட்டுக்குள் செத்துவிடும். அதிலும் கொடுமை, செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும், நமக்குத் தெரியாது. விருந்தாளி வரும் நாளில் அலமாரியில் வையுங்கள், சாயங்காலமே பால்கனிக்குத் திரும்பட்டும்.