யூனிட் பாதியா குறைஞ்சும் டிமாண்ட் சார்ஜ் ஏன் குறையல?

திருப்பூர்ல காம்பாக்டிங் யூனிட் (பனியன் துணி சுருங்காம ஃபினிஷ் பண்ற இடம்) நடத்துற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "எச்டி கனெக்‌ஷன், சாங்ஷன் டிமாண்ட் 300 கேவிஏ. ஆர்டர் இல்லாம ஒரு ஷிப்ட்தான் ஓடுது, ஒரு வருஷமா மீட்டர்ல 190 தாண்டல. ஆனா பில்லுல 270க்கு போட்டிருக்காங்க. கம்ப்ளெய்ன்ட் பண்ணலாமா?"

சார், பில் சரியாத்தான் இருக்கு. டிமாண்ட்ங்கறது ஒரே நேரத்துல நீங்க இழுக்கிற லோடு, அதை கேவிஏல அளப்பாங்க. சாங்ஷன்ங்கறது ஈபிகிட்ட நீங்க அனுமதி வாங்கி வச்சிருக்கிற அளவு. தமிழ்நாட்டுல எச்டிக்கு, அதாவது உயர் அழுத்த கனெக்ஷனுக்கு, அந்த மாசம் ரெக்கார்டு ஆன டிமாண்ட், இல்லன்னா சாங்ஷன்ல 90 சதவீதம், ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் சார்ஜ். 300ல 90 சதவீதம் 270. நீங்க ஓட்டினாலும் ஓட்டாட்டியும் அவ்வளவு கரண்ட் உங்களுக்காக ரெடியா இருக்கணும்ங்கறதுக்கான காசு இது.

ரேட்டை ஈபி இஷ்டத்துக்கு வைக்க முடியாது, மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் வைக்குது. 2022 செப்டம்பர்ல கேவிஏவுக்கு 350 ரூபாயா இருந்ததை 550 ஆக்கினாங்க, கூடவே விலைவாசி உயர்வோட சேர்த்து வருஷா வருஷம் ஏத்திக்கலாம்னும் சொல்லிட்டாங்க, அதனால இப்ப 600ஐ தாண்டிடுச்சு. ரேட் 350ல இருந்தப்ப சும்மா கிடக்குற கேவிஏவை யாரும் கண்டுக்கல, இப்ப அப்படி விட முடியாது.

2020 ஊரடங்குல மில்காரங்க மெட்ராஸ் ஹைகோர்ட் போய் 90க்கு பதிலா 20 சதவீதம் கட்டினா போதும்னு ஆர்டர் வாங்கினாங்கல்ல, அது அரசாங்கமே மூடச் சொன்ன காலத்துக்கு. ஆர்டர் கம்மியானதுக்கு அதைக் காட்டி கேட்க முடியாது.

உங்க கையில இருக்கிறது சாங்ஷனையே குறைக்கறதுதான். கணக்குக்கு ரேட் 600னு வச்சுக்குங்க. இப்ப 270க்கு 1,62,000 கட்டுறீங்க. 220 ஆக்கினா 90 சதவீதம் 198, மாசம் 1,18,800. அதாவது 43,200 மிச்சம். அதுக்குன்னு 190லயே கொண்டுபோய் நிறுத்திடாதீங்க, சாங்ஷனை தாண்டின கேவிஏவுக்கு ரெண்டு மடங்கு ரேட், ஒரே ஒரு நாள் தாண்டினாலும் அந்த மாசம் கட்டித்தான் ஆகணும். திரும்ப ஏத்தணும்னா புதுசா அப்ளிகேஷன், டெவலப்மென்ட் சார்ஜ்னு மறுபடி செலவு, அதனால அடுத்த சீசன்ல ரெண்டு ஷிப்ட் ஓடுமான்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி மீட்டரோட லோடு சர்வே டேட்டா, அதாவது எந்த நேரத்துல எவ்வளவு லோடுன்னு மீட்டர் பதிஞ்சு வச்சிருக்கிற கணக்கு, வாங்கிப் பாருங்க. 190 எந்த நேரத்துல வந்ததுன்னு தெரியும். பெரும்பாலும் காலைல ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப, இல்ல கரண்ட் போய் வந்த உடனே, கம்ப்ரஸர் புளோயர் எல்லாத்தையும் ஒண்ணா போடுறதுல வந்திருக்கும். மீட்டர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு ஆவரேஜ் எடுத்து அதுல பெரிசைத்தான் வச்சுக்குது, ஸ்விட்ச் போட்ட செகண்ட்ல அடிக்கிற கரண்டை இல்ல, அதனால மெஷின்களை கொஞ்சம் இடைவெளி விட்டு எடுத்தாலே பத்து இருபது கேவிஏ இறங்க வாய்ப்பு இருக்கு.

அடுத்து பவர் ஃபேக்டர், அதாவது நீங்க இழுக்கிற கேவிஏல எவ்வளவு பங்கு நிஜ வேலைக்கு (கிலோவாட்) போகுதுங்கறது. கெபாசிட்டர் போட்டா இது ஏறும். 0.90க்கு கீழ போனா பெனால்டி, அதுக்கு மேல இருந்தா போதும்னு நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு இது ரொம்ப ஆதங்கம். 171 கிலோவாட் லோடு 0.90ல 190 கேவிஏ, அதே லோடு 0.98ல 175தான். அப்ப சாங்ஷனை 200க்கே கொண்டு வரலாம், பில் 180க்கு வரும். ஆனா சாங்ஷன் 300லயே இருந்தா கெபாசிட்டர் பேனல்ல எவ்வளவு செலவு பண்ணாலும் டிமாண்ட் சார்ஜ்ல ஒரு ரூபா குறையாது, அதனால ரெண்டையும் சேர்த்து பண்ணுங்க.

மாடில சோலார் போட்டிருந்தா இன்னும் கவனமா இருங்க. சோலார் கிலோவாட்டை மட்டும்தான் குறைக்கும், மோட்டார் காந்தப்புலத்துக்கு இழுக்கிற ரியாக்டிவ் பவர் அப்படியே ஈபிலருந்துதான் வரும், பகல்ல மீட்டர் காட்டுற பவர் ஃபேக்டர் விழுந்துடும்.

90 சதவீத ரூல் சீசன் தொழிலுக்கு அநியாயம்ங்கறதுதான் என் கருத்து. ஆனா அதை ஈபி ஆபீஸ்ல சண்டை போட்டு மாத்த முடியாது. புது டாரிஃப் மனு வர்றப்ப ஆணையம் கருத்து கேட்கும், அப்ப உங்க 12 மாச பில்லை இணைச்சு எழுத்துல கொடுங்க, சங்கம் மூலமா பத்து கம்பெனியோட பில்லும் சேர்ந்து போனா இன்னும் நல்லது.