சுக்ல வருஷம் மாசி மாசம் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

ரெண்டு உலகப்போருக்கு நடுவுல வந்த பழைய பேப்பர்ல சாதாரண ஜனங்களோட வாழ்க்கை கொட்டிக் கிடக்குன்னு நீங்க எழுதினதை நம்பி நாலு நாள் லீவு போட்டு லைப்ரரில மைக்ரோஃபிலிம் (பழைய பேப்பரைப் பொடியாப் படம் பிடிச்சு வச்ச ஃபிலிம் ரீல்) பார்த்தேன். எங்க பாட்டிக்கு சுக்ல வருஷம் மாசி மாசம் கல்யாணம், அப்போ எட்டு வயசு. அவங்க அக்காவுக்கு பதினொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல்ல, அவசர அவசரமா. கும்பகோணம் பக்கம், ரெண்டு வேலி (பதிமூணு ஏக்கர் சொச்சம்) நிலம் இருந்த குடும்பம். ஏன் அவ்வளவு அவசரம்னு யாருக்கும் தெரியல. ரெண்டு மூணு வருஷத்துல பாட்டியோட ஒட்டியாணம் உட்பட எல்லா நகையும் போயிடுச்சாம், தாத்தாவோட அப்பா சீட்டாடித் தொலைச்சுட்டார்னு வீட்டுல பேச்சு. எங்க ஊர் பேர் ஒரு தடவைகூட கண்ணுல படல. காந்தி, கோர்ட்டு கேஸ், கவர்னர் வந்தார் போனார், இவ்வளவுதான். சாதாரண வாழ்க்கை எங்க சார் இருக்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க ஊர் பேரைத் தேடினதுதான் தப்பாப் போச்சு. அந்தக் காலத்து நிருபருக்கு சேதி கிடைக்கிற இடம் கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன், மிஞ்சினா கோயில் திருவிழா. ஒரு கிராமம் பேப்பர்ல வரணும்னா அங்க கொலை விழணும், இல்ல வெள்ளம் வரணும், இல்ல வைக்கோல் போர் தீப்பிடிக்கணும். எதுவும் நடக்காத ஊர் வராது. ஆனா எதுவும் நடக்காத ஊர்ல நடந்தது எல்லாம் வேற பக்கத்துல வேற பேர்ல இருக்கும். உங்க பாட்டி கல்யாணத்துக்கான காரணம்கூட நீங்க தள்ளிவிட்ட ரீல்லயே இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

சுக்ல வருஷம்னா 1929 ஏப்ரல்ல பிறந்து 1930 ஏப்ரல்ல முடியுது. அப்போ மாசின்னா 1930 பிப்ரவரி பாதியிலேர்ந்து மார்ச் பாதி வரைக்கும். இப்போ இதைப் பக்கத்துல வைங்க, குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1929 செப்டம்பர் கடைசியில நிறைவேறி 1930 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வருது. பொண்ணுக்கு 14 வயசு, பையனுக்கு 18 வயசு ஆகாம கல்யாணம் பண்ணினா ஒரு மாசம் வரைக்கும் ஜெயில், ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். ஆயிரம் ரூபாய்னா அன்னிக்கு சாமானியப் பணமா! சட்டத்துக்கும் அமலுக்கும் நடுவுல ஆறு மாசம் கேப் விட்டாங்க பாருங்க, அந்த ஆறு மாசத்துல நாடு முழுக்க முகூர்த்த நாள் போதாம அடிச்சுப் பிடிச்சு குழந்தைகளுக்குத் தாலி கட்டினாங்க. 1921 சென்சஸ்ல 15 வயசுக்குக் கீழ இருந்த மனைவிகள் சுமார் 85 லட்சம், 1931ல 1 கோடியே 22 லட்சம். தடுக்க வந்த சட்டத்தாலயே எண்ணிக்கை ஏறின கதை இது, அந்த ஏறின கணக்குல உங்க பாட்டியும் ஒண்ணு, அவங்க அக்கா இன்னொண்ணு. ரெண்டு பொண்ணுக்கும் ஒரே பந்தல்னு சொல்றீங்களே, அதுலயே எல்லாம் இருக்கு. அக்காவுக்கு 14 ஆக இன்னும் மூணு வருஷம், தங்கைக்கு ஆறு, காத்திருக்க வீட்டுப் பெரியவங்களுக்கு மனசு வரல.

இதைப் பத்தின சண்டை அன்னிக்குப் பெரிய சண்டை. சாஸ்திரம் போச்சுன்னு ஒரு பக்கம், இந்தப் பக்கம் முத்துலட்சுமி ரெட்டி மாதிரி ஆட்கள், 1929 பிப்ரவரியில செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடோ பொண்ணுக்கு 16 வயசு ஆகட்டும்னே தீர்மானம் போட்டுச்சு. ஏப்ரலுக்கு அப்புறமும் இந்தச் சட்டம் செல்லாத புதுச்சேரி மாதிரி பிரெஞ்சுக்காரன் ஊர், சுதேச சமஸ்தானம்னு போய் தாலி கட்டிட்டு வந்தவங்க உண்டு, 1938ல சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. உள்ளூர்ல பண்ணினாலும் யாராவது தனி ஆள் ஒரு வருஷத்துக்குள்ள புகார் கொடுத்தாத்தான் கேஸ், புகார் கொடுக்கிறவரையே நூறு ரூபாய் வரைக்கும் ஜாமீன் கட்டச் சொல்லலாம், அப்புறம் எவன் கொடுப்பான்? இதெல்லாம் தெரியாம பயந்துக்கிட்டு உங்க வீட்டுல மாசியிலயே முடிச்சுட்டாங்க.

நீங்க முதல் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க. மார்ச் 12 தண்டி யாத்திரை கிளம்புது, ஏப்ரல் 13 திருச்சியிலேர்ந்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடக்கிறார், அதுவும் கும்பகோணம் வழியாவே. பேப்பர் முழுக்க உப்புதான். தப்பு சொல்லல, நானா இருந்தாலும் அதைத்தான் படிச்சிருப்பேன். (மைக்ரோஃபிலிம் ரெண்டு மணி நேரம் சுத்தினா எனக்கு தலை சுத்தும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டுப் போவேன், லைப்ரரிகாரங்க முறைப்பாங்க.)

ஒட்டியாணத்துக்கு வரேன். சீட்டாட்டக் கதையை நான் அவ்வளவு சுலபமா நம்பமாட்டேன், ஆடியிருக்கலாம், எனக்கென்ன தெரியும், ஆனா கடைத்தெரு நிலவரம்னு பொடி எழுத்துல வர்ற பகுதியை ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் அந்த மனுஷனைத் திட்டுங்க. 1929க்கு அப்புறம் உலகம் பூரா பொருளாதார மந்தம், தஞ்சாவூர்ல நெல் விலை மூணு நாலு வருஷத்துல கிட்டத்தட்ட பாதியாச்சு. சர்க்காருக்குக் கட்டுற நிலவரிக் கிஸ்தி பாதியாகல, கடனும் வட்டியும் பாதியாகல. இந்த நேரத்துல 1931 செப்டம்பர்ல பிரிட்டன் பவுண்டுக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவுத்துவிட்டுச்சு, ரூபாய் பவுண்டோடயே ஒட்டிக்கிட்டு இறங்க, தோலா (பதினொன்றரை கிராம் சொச்சம்) 21 ரூபாய் சொச்சத்துல நின்ன தங்கம் சில மாசத்துல 30 ரூபாய்கிட்ட ஏறிடுச்சு. நெல்லுக்கு விலை இல்ல, பொண்டாட்டி கழுத்துல கிடக்கிறதுக்கு விலை இருக்கு, எந்த மிராசுதாரா இருந்தாலும் என்ன பண்ணுவான்? அடுத்த மூணு நாலு வருஷத்துல இந்தியாவிலேர்ந்து 200 கோடி ரூபாய்க்கு மேல தங்கம் கப்பல் ஏறிப் போச்சு. அரசாங்கம் இதை நல்ல காலம்னு சொல்லிச்சு, ஜனங்க லாபத்துக்கு விக்கிறாங்களாம்.

பேப்பர்ல இது 'தங்கம்'னு ஒரு வரி, எதிர்ல ஒரு எண், அவ்வளவுதான். அதே சமயத்துல ஏல நோட்டீசும் இன்சால்வென்ட் (திவால்) நோட்டீசும் பத்தி பத்தியா நீளும். அதுல உங்க ஊர் பேர் இருந்தாலும் இருக்கும், அங்க தேடினீங்களா?

ஒண்ணு ஒத்துக்கணும். உங்க குடும்பத்துக்கு ரெண்டு வேலி இருந்ததால இவ்வளவாவது தடம் கிடைக்குது. அந்த ரெண்டு வேலியில நட்டு அறுத்த பண்ணையாள் வீட்டுல அதே மாசி மாசம் என்ன நடந்துச்சுன்னு எந்த ரீல்லயும் வராது. அன்னிக்கு சென்னை மாகாணத்துல படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு சுமார் பத்து பேர்தான், பேப்பர் அந்தப் பத்து பேருக்காக எழுதினது. 'கொட்டிக் கிடக்கு'ன்னு நான் எழுதினது கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த லீவுக்குப் போனீங்கன்னா 1930 பிப்ரவரி, மார்ச் ரீலைத் திரும்ப எடுத்து வாசகர் கடிதத்தையும் விளம்பரத்தையும் மட்டும் பாருங்க. அப்புறம் 1931 ஆகஸ்ட்லேர்ந்து கடைத்தெரு நிலவரம். வீட்டுப் பரண்ல பழைய அடகுச் சீட்டு ஏதாவது கிடந்தா தேதியை எனக்கு எழுதுங்க, அந்தச் செப்டம்பருக்கு முன்னாடியா பின்னாடியான்னு பார்க்கணும். முன்னாடின்னா சீட்டாட்டமாவே இருக்கட்டும்.