அஷ்டமுடிக் காயலும் நாலு அடகுச் சீட்டும்

கேள்வி: செங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 47. மாதம் 1,10,000 ரூபாய் கையில் நிற்கும். என் மச்சினன் ஷார்ஜாவில் இருக்கிறான். கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலோரம் ஒரு சொகுசு வீடு 1 கோடியே 80 லட்சத்துக்கு விலைக்கு வந்திருக்கிறது. "பாதிப் பாதி போடுவோம் அத்தான், ஹோம்ஸ்டேக்கு விட்டா லோன் தன்னால அடைஞ்சிரும்" என்கிறான். இருவர் பெயரிலும் 1 கோடியே 30 லட்சம் கடன். மீதிக்கு என் இலஞ்சி மனையை விற்கலாம், 20 லட்சம் போகும். டோக்கன் 5 லட்சத்தை நகையை வைத்து நானே கொடுத்துவிட்டேன். இதற்கு முன்பும் அவனுக்காக 2019-ல் 4 லட்சம், 2021-ல் 3 லட்சம், 2023-ல் 4 லட்சம் என்று நகை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறேன். வீட்டில் அவளுக்கு ராத்திரி தூக்கமில்லை. வாங்கலாமா? படங்களும் ஆதாரத்தின் (கேரளத்தில் பத்திரத்துக்கு அதுதான் பெயர்) நகலும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கணக்கைத் தொடுவதற்கு முன்னால் படங்களைத்தான் பார்த்தேன், ஒளிப்பானேன். நல்ல வீடு. வெட்டுகல் சுவரைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். நடுவில் மழை நேராக விழும் முற்றம், சாய்வான ஓட்டுக் கூரை, படகு கட்ட ஒரு மரத்துறை. கட்டியவருக்கு ரசனை உண்டு. ஆனால் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொன்னது யார்? சாயங்கால வெயில் மொத்தமும் கூடத்துக்குள் இறங்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, அந்தப் பக்கமிருந்துதான் அறையும். நம் ஊர்ச் சாரல், மலை வடிகட்டி அனுப்பும் மிச்சம். மலைக்கு அந்தப் பக்கம் விழுவது வேறு. போதாததற்குக் காயலைப் பார்த்தபடி ஒரு நீச்சல் குளம், தண்ணீருக்கு முன்னால் தண்ணீர். அஷ்டமுடி நீண்டகரையில் கடலோடு கலக்கிறது, அதனால் காற்றிலும் உப்பு. கீலும் கொண்டியும் அங்கே எத்தனை வருஷம் தாங்கும் என்று அதை விற்கிற உங்களுக்கே தெரியும்.

வீட்டைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் வீட்டம்மா தூங்காதது காயலால் இல்லை, அந்த நாலு அடகுச் சீட்டால். 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 2019 சீட்டுக்கு ஆறு வருஷத்தில் 2,88,000. 2021 சீட்டுக்கு 1,44,000. 2023 சீட்டுக்கு 96,000. ஆக 5,28,000 ரூபாய் வட்டியாகவே போய்விட்டது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. புது 5 லட்சத்தையும் சேர்த்தால் 16 லட்சம், மாத வட்டி 16,000. திருப்பி வைக்கும் ஒவ்வொரு முறையும் "கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, பாதகமில்லை" என்று தோன்றியிருக்கும். தங்கம் விலை ஏற ஏற அதே வளையலுக்கு வங்கி இன்னும் கொஞ்சம் தரத் தயாராக இருப்பதால், மச்சினன் போன் வந்தால் கை தானாகப் பீரோ பக்கம் போகிறது. பழகிவிட்டது, அண்ணாச்சி. இப்போது அதே பழக்கம் 1 கோடியே 30 லட்சத்தின் மேல் உட்காரப் பார்க்கிறது.

"பாதிப் பாதி" என்பது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள பேச்சு. வங்கிக்கு அது கிடையாது. கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் முழுக் கடனுக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. 9 சதவீதம், 20 வருஷம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 900 ரூபாய் தவணை, மொத்தம் 1,17,000. ஷார்ஜாவில் வேலைக்கு ஏதாவது ஒன்று என்றால், 1,10,000 வருமானக்காரரைத் தேடி 1,17,000 தவணை வரும். கேரளத்தில் முத்திரைத்தாள் 8, பதிவு 2, ஆகப் பத்து சதவீதம், அதாவது 18 லட்சம். அதையும் சேர்த்தால் கடன் போக உங்கள் பங்குக்குக் கையிலிருந்து 34 லட்சம் வேண்டும். மனை 20 தரும், டோக்கன் 5 போய்விட்டது. மீதி 9 எங்கே? ஐந்தாவது சீட்டுதானே?

ஹோம்ஸ்டே கணக்கு என் ஊகம்தான், ஆனாலும் தாராளமாகவே போடுகிறேன். மழை மாசம், பரீட்சை மாசம் எல்லாம் சேர்த்துச் சராசரி மாதம் எட்டு இரவு, இரவுக்கு 8,000, ஆக 64,000. காவல்காரர், துப்புரவு, மின்சாரம், புக்கிங் கமிஷன், பெயின்ட், மோட்டார் எல்லாம் போக 15,000 நின்றால் நல்ல ஆள் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் பாதி 7,500. உங்கள் பாதித் தவணை 58,500. தன்னால் அடையும் லோன் இதுதான்.

இனி ஆதாரம். அதில் சொத்தின் இனம் "நிலம்" என்று இருக்கிறது. நமக்கு நிலம் என்றால் எதுவும்தான். அங்கே வருவாய்க் கணக்கில் "நிலம்" என்றால் வயல், வீடு கட்டும் மேட்டு மண்ணுக்குப் பெயர் "புரையிடம்". 2008-ல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி டேட்டா பேங்க் என்று வயல், நீர்நிலங்களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள். இந்த இடம் அதில் இருந்தால் பெரிய சிக்கல். இல்லாவிட்டாலும் இனம் மாற்றிய உத்தரவு வேண்டும். கடல் ஏற்றம் எட்டுகிற காயலாதலால் கரையோர மண்டல விதியும் உண்டு. கொச்சியை ஒட்டிய மரடில் காயலோர அடுக்குமாடிகளை இடிக்கச் சுப்ரீம் கோர்ட் 2019 மே மாதம் சொன்னது. 2020 ஜனவரி 11, 12-ல் வெடி வைத்துச் சாய்த்தார்கள். உள்ளாட்சி அனுமதி வாங்கிக் கட்டியவைதான் அவையும். வீடு சாய்ந்தால் அதன் தவணையும் கூடவே சாய்ந்துவிடாது.

"அப்படின்னா எட்டில் ஒரு பங்கு மட்டும் வாங்கலாம், ஆப்பிலேயே கிடைக்குது" என்று அடுத்து வருவான். வருஷத்துக்கு நாற்பத்தைந்து நாள் தங்க ஒரு பங்கு, அதற்குக் காலமெல்லாம் பராமரிப்புக் கட்டணம். நாளைக்கு அந்தப் பங்கை யார் தலையில் கட்டுவீர்கள்? விடுங்கள்.

செய்ய வேண்டியது: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இனம் மாற்றிய உத்தரவையும் கரையோர அனுமதியையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் டோக்கனைத் திருப்பிக் கேளுங்கள். வந்தால் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேரே வங்கிக்குப் போய்ப் புதுச் சீட்டை மீட்டுவிடுங்கள். வராமலே போனாலும் 5 லட்சத்தோடு போகட்டும். இலஞ்சி மனையை விற்கத்தான் மனசு துணிந்துவிட்டதே, மற்ற மூன்று சீட்டையும் அதை வைத்து மீட்டு, நகையை வீட்டம்மா கையில் கொடுங்கள். விற்ற லாபத்துக்கு வரி உண்டு, ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

மச்சினனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்குவீர்கள். "உங்க அக்கா நகையை மீட்டப்புறம் பேசுவோம் மாப்ளே, முந்தின 11 லட்சத்துல நீ எவ்வளவு அனுப்புற?" என்று கேளுங்கள். இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். காயல் ஆசை இருந்தால், அவன் லீவில் வரும்போது இரண்டு குடும்பமும் கொல்லம் ரயிலேறி, பதிமூன்று கண் பாலம் பார்த்துப் போய் இரண்டு இரவு வாடகைக்குத் தங்கிவிட்டு வாருங்கள். இருபத்தைந்தாயிரத்துக்குள் முடியும்.

டோக்கன் கொடுத்ததற்கு எழுதி வாங்கிய சீட்டின் நகல் உங்கள் கடிதத்தில் இல்லை. அதை அனுப்புங்கள்.